மழை நாளுக்கான மின்சாரம்

நிலச்சரிவு கண்ட மண் மூணாற்றின் அந்தோணியார் குடியிருப்புப் பகுதி. அம்மலைச்சரிவில் ஆழ்துளையிட்டு அமிர்தா பல்கலைக்கழகத்தார் உணரிகளை இறக்கினர். மண்ணின் ஈரத்தையும், நுண்துளை நீரழுத்தத்தையும், நிலத்தின் அசைவையும் அவை அளக்கின்றன. உணரிகளோடு இணைந்த கணுக்கள் எனும் சிறு கருவிகள், அளந்ததை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பியின்றிக் கடத்துகின்றன. ஒவ்வொரு கணுவுக்கும் மின்கலமே உயிர்.

அவ்வுயிரைப் பெரிதும் உறிஞ்சுவது வானலைப் பகுதி. கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 சில்லு, முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் கொள்கிறது, கேட்கும்போதோ 18.8. எவரும் பேசாத வேளையில் செவிதிறந்து காத்திருப்பதற்கும் அதே செலவுதான்! இடைவிடாது கேட்டால் 2,000 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் ஐந்து நாள் தாங்காது. நூறில் ஒரு பங்கு நேரமே விழித்தால், பிற செலவுகளை ஒதுக்கிப் பார்க்கையில், ஓராண்டைக் கடக்கும்.

எனவே உறக்கமே முதன்மைச் சிக்கனம். வேய் யே, ஜான் ஹைடெமன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட எஸ்-மேக் நெறிமுறையில் அண்டைக் கணுக்கள் ஒருங்கே உறங்கி ஒருங்கே விழிக்கின்றன. ஆனால் உறங்கும் கணுவுக்கு வந்த செய்தி, அது விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கொரு முறை விழிக்கும் கணுக்கள் பத்தைக் கடக்க, பத்து நொடிவரை ஆகலாம். பயிர்நிலத்தின் வெப்பத்தை அறிய அத்தாமதம் பொருட்டன்று. சரியும் மலையடியில் உறங்கும் குடும்பத்துக்கோ ஒவ்வொரு நொடியும் பொருட்டே.

எவ்வளவு அடிக்கடி அளந்து எவ்வளவு விரைவாகச் சேர்க்க வேண்டும் என்னும் சேவைத்தரத்தை மாறாத ஓர் எண்ணாக வரையறுப்பதை நான் ஏற்பதற்கில்லை. கோடையில் மணிக்கொரு அளவீடு போதும். மழையும் நீரழுத்தமும் வரம்பு கடந்தால் அளவீடுகள் நெருங்க வேண்டும், உறக்கம் சுருங்க வேண்டும். மூணாற்று அமைப்பும் இவ்வாறு படிப்படியான வரம்புகளைக் கொண்டே இயங்குகிறது.

ஞாயிற்றொளி மின்கலத்தை நிரப்புமே எனலாம். ஆயின் நாட்கணக்கில் மேகம் கவியும் பருவமழையில்தான் கணுக்கள் மிகுதியாக உழைக்கின்றன. வரவு குன்றும்போதே செலவு பெருகுகிறது. அதிலும், எல்லாக் கணுக்களின் செய்தியும் வந்து சேரும் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள கணுக்கள் மற்றவற்றின் சுமையையும் தாங்குவதால் முதலில் ஓய்கின்றன. அவை வீழ்ந்தால் மேலே நலமாயிருக்கும் உணரிகளின் சொல்லும் கீழே எட்டாது. ஆகவே அத்தகைய நாட்களில் காற்றின் வெப்பம், ஈரப்பதம் போன்றவற்றை அனுப்புவதை நிறுத்திவைத்து, நீரழுத்தத்துக்கும் நில அசைவுக்கும் வழிவிடும் முன்னுரிமையைக் கணுக்களை மண்ணில் இறக்குமுன்பே அவற்றின் நிரலில் எழுதிவிட வேண்டும்.