கோலைக் காப்பாற்றுங்கள், கோல் பிள்ளையைக் காப்பாற்றும்

மண்டி மொஹல்லாவில் பாம்பூ பஜார் பக்கம் போகிறவர்கள் கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் மூங்கில்களைப் பார்க்காமல் போக முடியாது. ஏணிக்கு, பந்தலுக்கு, சாரம் கட்டுவதற்கு என்று வாங்கிப் போவார்கள். இதே மூங்கில்தான் ஒரு காலத்தில் ஒலிம்பிக் பந்தயத்தில் ஆளை உயரத் தூக்கிவிட்டது என்று சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கக் கூடும். ஆனால் உண்மை அதுதான். 1936-ல் பெர்லினில் ஜப்பானிய வீரர்கள் நிஷிடாவும் ஓயேயும் 4.25 மீட்டர் தாண்டி இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்றார்கள். ஊர் திரும்பியதும் வெள்ளிப் பதக்கத்தையும் வெண்கலப் பதக்கத்தையும் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டவைத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்ட நண்பர்கள் இவர்கள்தாம். அமெரிக்கரான வார்மர்டாம் 1942-ல் மூங்கில் கோலைக் கொண்டே 4.77 மீட்டர் தாண்டினார். அந்தச் சாதனையை முறியடிக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

பிறகு உலோகக் கோல் வந்தது, அதன் பின் கண்ணாடி இழைக் கோல், அதாவது பைபர் கிளாஸ் கோல், வந்தது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹான்சன் அத்தகைய கோலால் 5.10 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இன்று பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பதும் இந்த வகைதான். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டில் நல்ல பெயர் உண்டு. 2022-ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் சிவா 5.31 மீட்டரும், ரோசி மீனா 4.20 மீட்டரும் தாண்டி அன்றைய தேசிய சாதனைகளை முறியடித்தார்கள். அதைப் படித்துவிட்டு, "நானும் கோலூன்றித் தாண்டப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை கிளம்பினால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? கோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூங்கில் அதிகம் வளையாது. கண்ணாடி இழைக் கோலோ வில்லாக வளையும். ஓடி வந்த வேகம் முழுவதும் அந்த வளைவில் அடங்கி, கோல் நிமிரும்போது பிள்ளையை மேலே தூக்கிவிடுகிறது. வளையும் நேரத்தில் கோலின் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும். கோல் வழுவழுப்பாக இருந்தால் இந்த விசை சீராகப் பரவிவிடும். நடுவில் ஒரு சிறு வெட்டுக் காயம் இருந்தால் விசையெல்லாம் அங்கே போய்க் குவியும். ஷாம்பூ பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறதல்லவா? மற்ற இடத்தில் இழுத்தால் கிழியாத பாக்கெட் அந்த வெட்டிலிருந்து சுலபமாகக் கிழிகிறதே, அதே கதைதான்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கியூபாவின் போர்ஹெஸ் தாண்டும்போது கோல் மூன்று துண்டாக முறிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதைத்திருக்கும். நல்லவேளையாக அவருக்குப் பெரிய காயம் இல்லை.

ஆகவே நல்ல கோல் தாண்டித் தாண்டித் தேய்வதைவிட, தரையில் கிடக்கும்போது படும் காயத்தால் கெடுவதே அதிகம் என்று சொல்வேன். முதல் பகை ஸ்பைக்ஸ் காலணி. கோலைப் புல்லில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்கள், வேறொரு பையன் அதன்மேல் ஆணிக் காலை வைப்பான். இரண்டாவது பகை பிளேடு. கைப்பிடியில் சுற்றிய பழைய டேப்பை எடுக்க, ஒரு கல்லூரி மாணவர் கோலின்மேல் பிளேடை வைத்து நீளவாக்கில் கீறியதை நானே பார்த்திருக்கிறேன். டேப் அழகாக வந்துவிட்டது, அடியில் கோடு விழுந்துவிட்டது! டேப்பைக் கையால்தான் உரிக்க வேண்டும். பசை மிச்சமிருந்தால் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் போதும்.

மூன்றாவது, கோல் விழும் இடம். பிள்ளை மெத்தைக்குப் போன பிறகு கோல் பின்னால் சாய்ந்து பெட்டியின் இரும்பு விளிம்பிலோ சிமெண்டிலோ மோதும். பயிற்சியில் ஒருவர் ஓரமாக நின்று அதைப் பிடித்துக்கொள்வது நல்ல வழக்கம். போட்டியில் மட்டும் கவனம் வேண்டும். குறுக்குக் கம்பை நோக்கியோ தாங்கு கம்பங்களை நோக்கியோ சாயும் கோலை யாரும் தொடக் கூடாது. தொட்டதால்தான் கம்பு விழாமல் தப்பியது என்று நடுவர் கருதினால் அந்த முயற்சி தோல்வியாகிவிடும்.

கோலின் அடி முனையில் ஊன்றுகோலுக்கு இருப்பதுபோல ரப்பர் பூண் ஒன்று உண்டு. ஒவ்வொரு தாண்டலிலும் பெட்டியின் பின்சுவரில் மோதித் தேய்வது அதன் வேலை, தேய்ந்தால் மாற்றுவது நம் வேலை. அதை விட்டுவிட்டால் கோலின் விளிம்பே இரும்பில் இடிக்கும். அடி முனையைக் காக்க டேப்போ வேறு பொருளோ சுற்றிக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. பெட்டியையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள, முன்னால் அகலமாகவும் பின்னால் 15 சென்டிமீட்டருக்குக் குறுகியும் இருக்கும் பள்ளம் அது. மழைக்குப் பிறகு அதில் மண்ணும் ஜல்லியும் சேரும். ஒரு துடைப்பம் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தாண்டும் முன் கோலைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ஒரு பஞ்சுத் துண்டையோ பழைய மெல்லிய துணியையோ கோல் முழுவதும் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். இழை எழும்பிய இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் உள்ளே இழை நைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வளையும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டாலும் அன்றைக்கு அந்தக் கோலை ஓரங்கட்டிவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, பெற்றோர் மட்டுமே கவனிக்கக் கூடியது. கோலின்மேல் நீளமும், அது எவ்வளவு எடையுள்ள ஆளுக்கு என்பதும் எழுதியிருக்கும். வளரும் வயதுப் பையன் ஒரு கோடை விடுமுறையில் ஐந்தாறு கிலோ ஏறிவிடுவான். போன ஆண்டுக் கோல் அவனுக்கு இப்போது மெலிவானது. அளவுக்கு மீறி வளைந்து முறியக் கூடும். கோல் இறக்குமதிச் சரக்கு, விலை பல்லாயிரங்களில் இருக்கும் என்பது உண்மைதான். அதற்காகப் பழையதையே ஓட்டலாம் என்று நினைப்பது சரியான சிக்கனம் ஆகாது. ஒரே மைதானத்துப் பெற்றோர் சேர்ந்து வெவ்வேறு எடைக்கான கோல்களை வாங்கிப் பிள்ளைகளிடையே மாற்றிக்கொள்ளலாம். எவர் எதைத் தாண்டலாம் என்று பயிற்சியாளர் சொல்லட்டும்.

வீட்டில் வைக்கும் விஷயத்தில் பாம்பூ பஜாரிலிருந்து ஒன்றைக் கற்கலாம், ஒன்றைக் கற்கக் கூடாது. நல்ல சரக்கை வெயில் படாமல் நிழலில் வைப்பது கற்க வேண்டியது. சுவரில் சாய்த்துச் சாத்துவது வேண்டாம். நாலைந்து இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்கை வசமாக உறையோடு வைப்பதே நல்லது. பயணத்தில்தான் தொல்லை அதிகம். நாலு மீட்டருக்கு மேற்பட்ட சாமானை ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுபோவது பெரும்பாடு. பஸ் கூரையில் கட்டினால் அடியில் கோணியோ பழைய போர்வையோ மடித்துப் போட்டு, அகலமான நாடாவால் கட்டுங்கள். மெல்லிய கயிறு இறுகினால் கோலில் அழுத்திவிடும். உறையின்மேல் பெயர் எழுதவும் மறக்காதீர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் நடுவே பிரேசிலின் முரெருக்கு வேண்டிய கோல் காணாமல் போய், அவர் மைதானம் முழுக்கத் தேடித் தவித்தார்.

மெத்தையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெரிய போட்டிகளுக்கு ஆறு மீட்டர் நீள அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். மைசூர் மழையில் நனைந்தால் உள்ளே இருக்கும் நுரை நீரைக் குடித்துக் கனத்து, பின்பு மக்கிவிடும். தரையில் நேரே போடாமல் மரச் சட்டத்தின்மேல் வைத்தால் அடியில் காற்றோடும். மேலே தார்பாய் போட வேண்டும், வெயில் வந்ததும் அதை எடுத்துவிடவும் வேண்டும். மெத்தைகளுக்கிடையே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று காலால் அமுக்கிப் பாருங்கள். குறுக்குக் கம்பில் வெடிப்பு இருந்தால் சிலும்பு தோலில் ஏறும்.

காயப்பட்ட கோலை என்ன செய்வது? பலர் அதை மூலையில் போட்டுவைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, விவரம் தெரியாத புதுப் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடுவான். ஆதலால் அன்றைக்கே இரண்டாக அறுத்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அறுக்க வேண்டும், அந்தத் தூள் நல்லதல்ல. வெட்டிய முனையில் டேப் சுற்றிவிட்டால் துண்டுகள் கொல்லைப்புறத்தில் அவரைக்கொடி படர உதவும். மூங்கிலைப்போல் செல்லரிக்காது.