மாறியும் நிபந்தனையும்

கணிதம் கற்ற மாணவன் ஒருவன் கணினிக்கு நிரல் எழுதத் தொடங்குங்கால், அவனை முதன்முதல் திகைக்கச் செய்வது "மட்டம் = மட்டம் + 2" என்பது போன்றதொரு வரியேயாம். ஒரு பொருள் தன்னினும் இரண்டு மிக்கதற்குச் சமமாதல் யாங்ஙனம்? இயற்கணிதத்தில் இது பொய், நிரலிலோ குற்றமற்றது. இதன் காரணத்தையும், இதனோடு இயைந்த நிபந்தனை வாக்கியத்தின் இயல்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞராகிய இராபர்ட் ரெக்கார்டு 1557-ஆம் ஆண்டில் சமக்குறியை வழங்கியபோது, இருபுறமும் ஒத்தவை என்பதே அதன் பொருள். நிரலில் அக்குறி ஒரு கட்டளை. வலப்புறத்தை முதலிற் கணக்கிட்டு, வந்த விடையை இடப்புறப் பெயருடைய கலத்தில் இடுக என்பதே அதன் கருத்து. அக்கலமே மாறி எனப்படும். புதிய எண் புகுந்தவுடன் பழைய எண் அழிந்துபோம். அல்கால் 60 என்னும் மொழியை வகுத்தோர் இதற்கு ":=" என வேறு குறியே வைத்தனர். இன்றைய மொழிகள் பலவற்றில் "=" இடுதலையும், "==" சமமா என்று வினவுதலையும் குறிக்கும்.

இனி நிபந்தனையைக் காண்போம். "மழை பெய்யின் ஏரி நிரம்பும்" என்புழி, 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் முன்னின்று நிபந்தனையை உணர்த்துகின்றது. முத்து அண்ணாமலை என்பார் இயற்றிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைப் பற்றிய கட்டுரை 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மொழியிலும் நம் வழக்கிற்கேற்ப நிபந்தனை முன்னும், "ஆனால்" என்னுஞ் சொல் பின்னும் வரும்.

அச்சன்புதூருக்கு அணித்தாய மேக்கரையில், அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை உள்ளது. அதன் முழு நீர்மட்டம் 132 அடி. அணை நிரம்பி வழியுங்கால் ஆற்றங்கரையினரை எச்சரிக்க ஒரு சிறு நிரல் வரைவதாகக் கொள்வோம்.

மட்டம் = 130
@( மட்டம் >= 132 ) ஆனால்
  பதிப்பி "எச்சரிக்கை"
இல்லை
  பதிப்பி "அஞ்சற்க"
முடி
மட்டம் = மட்டம் + 2

இந்நிரல் யாது கூறும்? இறுதியில் மட்டம் 132 ஆயினும், "அஞ்சற்க" என்றே கூறும். என்னை? கணினி வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் நிறைவேற்றுவது. நிபந்தனையை அடைந்த கணத்தில் மாறியிலிருந்த எண் 130. அதனைக் கொண்டே அது தீர்ப்பளித்தது. பின்னர் மாறியின் மதிப்பு உயர்ந்தமையால் அது திரும்பி வந்து மறுபடி சோதிப்பதில்லை. நிபந்தனை வாக்கியம் கண்ணிமையாது காக்கும் காவலனன்று. அவ்வழியே செல்லும்போது ஒருமுறை எட்டிப்பார்க்கும் வழிப்போக்கனே. ஆற்றில் நிற்போனுக்கு இவ்வேறுபாடு உயிர்ப்பொருளாகும்.

குறையை நீக்கும் வழி இரண்டு. மட்டத்தை மாற்றும் வரியை நிபந்தனைக்கு முன் வைப்பின், அந்த ஒருமுறைக்கு விடை செவ்விதாகும். நீர் மேலும் மேலும் ஏறக்கூடுமாதலின், அளத்தலையும் சோதித்தலையும் "வரை" என்னுஞ் சொல்லால் அமையும் சுழற்சிக்குள் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாய் அளந்து புதிதாய் வினவச் செய்தலே சாலச் சிறந்தது.

ஆதலின், நிரல் பயிலும் மாணவ நண்பர்கள் தாளொன்றில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மாறியின் மதிப்பு யாதென எழுதிக்கொண்டு வருவாராக. இப்பழக்கம் கைவரின், எவ்வரி எக்கணத்தில் எம்மதிப்பைக் கண்டது என்பது தெற்றென விளங்கும். பிழையின் இருப்பிடமும் தானே புலப்படும்.