பிணைய நிலைமாற்றிகளுக்கான செப்பு, ஒளியிழை வடங்கள்

ஒரு வளாகத்திலுள்ள கணினிகள், அச்சுப்பொறிகள், கண்காணிப்புக் கேமராக்கள் ஆகியவற்றை ஒரே பிணையமாக இணைக்கும் கருவி பிணைய நிலைமாற்றி. இது பொதுவழக்கில் ஸ்விட்ச் எனப்படும். இதில் இணைக்கப்படும் வடங்கள் இரு வகைப்படும். செப்பு வடம் தரவை மின் குறிகையாகவும், ஒளியிழை வடம் ஒளித் துடிப்பாகவும் கடத்துகின்றன. தொலைவு, வேகம், மின்வழங்கல், வடம் கட்டடத்துக்கு வெளியே செல்கிறதா என்பது ஆகிய நான்கையும் பார்த்தே வடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செப்பு வடம்

இதில் முறுக்கப்பட்ட நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. முறுக்கு, மின்காந்த இடையூறைக் குறைக்கிறது. ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவி வரை மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

• கேட் 5இ: 1 ஜிகாபிட் வேகம், 100 மீட்டர் வரை
• கேட் 6: 10 ஜிகாபிட் வேகம், ஏறத்தாழ 55 மீட்டர் வரை
• கேட் 6ஏ: 10 ஜிகாபிட் வேகம், 100 மீட்டர் வரை

கேமரா, வைஃபை கருவி போன்றவற்றுக்குத் தரவுடன் மின்சாரத்தையும் செப்பு வடத்திலேயே அனுப்பலாம். ஒளியிழையால் இது இயலாது.

மலிவான சில வடங்களில் அலுமினியக் கம்பியின்மீது செப்புப் பூச்சு மட்டுமே இருக்கும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். இவற்றின் மின்தடை அதிகம், மின்சாரம் அனுப்பும்போது கூடுதலாகச் சூடேறும், எளிதில் முறியும். எனவே முழுச் செப்பு வடத்தையே வாங்க வேண்டும்.

ஒளியிழை வடம்

பன்முறை இழையின் உள்ளகம் பொதுவாக 50 மைக்ரோமீட்டர் விட்டமுடையது. இதன் ஓ.எம்.3 வகையில் 10 ஜிகாபிட் வேகம் 300 மீட்டர் வரை கிடைக்கும். ஒற்றைமுறை இழையின் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். தகுந்த செருகியுடன் அதே வேகத்தில் 10 கிலோமீட்டர் வரை செல்லும்.

இரு கட்டடங்களை இணைக்கத் தொலைவு குறைவாக இருந்தாலும் ஒளியிழையே ஏற்றது. அருகில் மின்னல் தாக்கும்போது செப்பு வடத்தில் மின்னெழுச்சி பாய்ந்து இருபுறக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசமுள்ள வடமாயின் அக்கவசத்தை நிலத்தொடர்பு செய்ய வேண்டும்.

இணைக்கும் முறை

செப்பு வடத்தின் முனையில் ஆர்.ஜே.45 செருகி பொருத்தப்படும். பரவலான டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் ஒரே வரிசை வேண்டும். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1 ஜிகாபிட்டுக்கு நான்கும் தேவை. ஆகவே நீல அல்லது பழுப்பு இணையில் ஒரு கம்பி சரியாகப் பொருந்தாவிட்டால், பல கருவிகளில் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் 100 மெகாபிட்டாகக் குறையும்.

ஒளியிழையை நிலைமாற்றியின் எஸ்.எஃப்.பி. செருகி வழியே இணைக்கிறோம். இரு முனைச் செருகிகளும் வேகத்திலும் இழை வகையிலும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு இழைகள் கொண்ட இணைப்பில் ஒரு முனையின் அனுப்பும் வாய் மறுமுனையின் பெறும் வாயுடன் சேர வேண்டும். விளக்கு எரியாவிட்டால் முதலில் இழைகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். இழை முனையில் தூசி படிந்தால் ஒளி குறையும். எனவே செருகும் முன் உரிய துடைப்பானால் துடைக்க வேண்டும்.

இழையின் முனையை ஒருபோதும் கண்ணருகே வைத்துப் பார்க்கக்கூடாது. அதில் வரும் அகச்சிவப்பு லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் விழித்திரையைப் பாதிக்கக்கூடும்.