சார்ஜ் ஏறும் வரை

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பத்து வருடத்துக்கு முன் இங்கே பரவிய நிசான் லீஃப், 24 கிலோவாட் மணி பற்றரியோடு அந்தத் தூரத்தை ஒரே சார்ஜில் ஓடாது. 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியபின் வந்த பெரிய பற்றரிக் கார்கள் திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரை வரை வந்துவிடும். ஆனால் திரும்பிப் போக அவற்றுக்கும் இங்கே மின்சாரம் வேண்டும். நீண்ட விடுமுறையின் கடைசி நாள் மத்தியானம் கடற்கரை விடுதிகளைக் காலி செய்யும் எல்லாருக்கும் அந்த நினைப்பு ஒன்றாகவே வரும்.

வேகச் சார்ஜரில் 80 சதவீதம் வரை விறுவிறுவென ஏறும். அதற்குமேல் பற்றரி பழுதாகாமலிருக்கக் காரே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்காக நீங்கள் பிடித்துவைக்கும் நேரத்தில் பின்னால் நிற்பவர் தம்புள்ளை தாண்டிப் போகுமளவு ஏற்றிக்கொள்வார். அவர் பொழுதுபடும் வரை காத்திருந்தால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டுப் பாதையை இருட்டில் கடக்க வேண்டும். அங்கே றோட்டில் யானை நிற்பது புதினமில்லை. ஆகவே 80இல் கழற்றிக்கொண்டு நகர்வதை வெறும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

வரிசையில் நிற்பது எப்படி என்று 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பெற்றோல் செட்டில் பம்ப் பிடிக்க ஒருவர் நிற்பார். சார்ஜ் ஏற்றுமிடத்தில் பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார். யார் முதலில் வந்தார் என்பதை வந்தவர்களே பேசி முடிக்க வேண்டும். அடுத்தவரின் காரில் சொருகிய கேபிளைத் தொடாதீர்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது வேகச் சார்ஜரின் முனை காரோடு பூட்டிக்கொள்ளும். இழுத்தால் கொக்கிதான் உடையும். காரை விட்டுப் போவதானால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள். சிலர் விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்; அது வேண்டாம். தனியாக வரும் பெண்கள் சொந்தக் கைபேசி எண்ணுக்குப் பதிலாக விடுதி வரவேற்பறையின் எண்ணை எழுதலாம்.

மழையில் சார்ஜ் ஏற்றலாமா என்று மாரிகாலத்தில் பலர் தயங்குகிறார்கள். ஒழுங்கான சார்ஜர் என்றால் ஏற்றலாம். சொருகியதும் சார்ஜரும் காரும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் மின்சாரம் ஓடத் தொடங்கும். என் பயமெல்லாம் விடுதிச் சுவரிலிருக்கும் மூன்று துளைப் பிளக்கைப் பற்றியது. கேத்தலும் கிட்டத்தட்ட அதேயளவு மின்சாரத்தை இழுக்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கார் விடிய விடிய இழுக்கும். கடற்காற்று பட்ட பித்தளைக் காலில் பச்சை பூத்திருந்தாலும், துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலும் அந்தப் பிளக் வேண்டாம். உருண்டைத் துளையில் சதுரக்காலைப் பொருத்தும் அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம். ஏற்றத் தொடங்கி அரை மணி நேரத்தில் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே நிறுத்துங்கள். முதலாளியிடம் கேட்டு, யூனிற்றுக்குக் காசும் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் மின்கட்டணப் பட்டியல் வருகிறது.

இரவில் தனியாக ஏற்றுகிறவர் ஒன்றை மறந்துவிடக்கூடாது. கேபிள் மாட்டியிருக்கும் வரை கார் நகராது. யாராவது தொல்லை தந்தால் உள்ளிருந்து சார்ஜை நிறுத்தினாலும், கழற்றுவதற்கு இறங்கியே ஆக வேண்டும். எனவே கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பது மட்டும் போதாது. வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடமாகத்தான் தேடவேண்டும். பிரித்தானியாவில் 2022இல் வெளியான சார்ஜ் நிலைய வழிகாட்டி, வெளிச்சத்தையும் காரைச் சுற்றி நடமாட இடத்தையும் முக்கியமாகச் சொல்கிறது. இங்கே நிலையம் அமைப்பவர்களும் மூலையில் கிடக்கும் வெறும் வளவைத் தேடாமல், இரவு திறந்திருக்கும் கடைக்கு முன்னால் வைக்கலாம். பொலிஸ் அவசர எண் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி எண் 1938.

சார்ஜரிலுள்ள சிவப்புப் பொத்தான் புகைக்கும் தீப்பொறிக்கும் உரியது. வரிசைச் சண்டையில் அழுத்துவதற்கல்ல. உங்கள் முறை வருவதற்குள் இருட்டிவிடும் போலிருந்தால், நல்ல பிளக் உள்ள அறையொன்றை எடுத்து மெதுவாக ஏற்றிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படுங்கள்.