பாஸ்கா: அடிமைகளின் உணவும் சாதி என்னும் புளிப்பும்

தமிழகத்தின் கத்தோலிக்கச் சிற்றூர்களில் 'பாஸ்கா' என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது, இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் நாடகமே. சாட்டையடி, முள்முடி, சிலுவை, தாயின் அழுகை எனத் துன்பக் காட்சிகளாகவே அச்சொல் மக்கள் மனத்தில் பதிந்துள்ளது. ஆனால் 'பெசாக்' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து கிளைத்த பாஸ்கா, அடிப்படையில் ஒரு விடுதலையின் பெயர். கிரேக்கம், இலத்தீன், ஸ்பானியம் முதலிய மொழிகளில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் இதுவே பெயராக வழங்குகிறது. ஈஸ்டருக்கான தயாரிப்பு எதைக் கோருகிறது என்பதை அறிய இந்த வேரிலிருந்தே தொடங்க வேண்டும்.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் அந்த முதல் பாஸ்கா இரவை விவரிக்கிறது. எகிப்தில் செங்கல் அறுக்கவும் வயல்களில் உழைக்கவும் வதைக்கப்பட்ட அடிமைகள், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தம் வீட்டு நிலைக்கால்களில் பூசினர். எகிப்தின் தலைப்பேறுகளை வீழ்த்திய சாவு அவ்வீடுகளைக் கடந்து சென்றது. அன்றிரவு அவர்கள் உண்டது விருந்தன்று. பயணத்துக்கு முந்தைய உணவு. இடையில் கச்சை, காலில் மிதியடி, கையில் கோல் என்ற கோலத்தில் விரைந்து உண்ண வேண்டும் என்பது விதி. மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே புளிப்பற்ற அப்பம். அடிமை வாழ்வின் கசப்பை மறவாதிருக்கக் கசப்புக் கீரை.

இவ்விதிகளுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஓர் ஆட்டுக்குட்டியை உண்ணப் போதிய ஆட்கள் இல்லாத வீடு, அண்டை வீட்டோடு சேர்ந்து உண்ண வேண்டும். புறப்பட்டுச் சென்ற கூட்டத்தில் பல இன மக்களும் கலந்திருந்தனர் என்றும் அதே அதிகாரம் குறிப்பிடுகிறது. பகிர்ந்துண்டவர்களே சேர்ந்து வெளியேறினர்.

இயேசு தம் சீடரோடு உண்ட இறுதி இரவுணவைப் பாஸ்கா உணவாகவே மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகள் காட்டுகின்றன. யோவான் நற்செய்தியோ பாஸ்காவுக்கான ஆயத்த நாளில், ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் நாளில், அவர் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது. பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக்கூடாது என்ற பழைய விதியையும் அவரது உடலோடு பொருத்துகிறது. கிறிஸ்துவே நம் பாஸ்கா ஆட்டுக்குட்டி என்பது பவுலின் விளக்கம். இதன் தொடர்ச்சியாகவே பெரிய வியாழன் வழிபாட்டில் விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவின் கத்தோலிக்கத் திருவிழிப்பில், செங்கடலைக் கடந்த வாசகத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக்கூடாது என்பது விதி. சாவிலிருந்து வாழ்வுக்குக் கடத்தல் என்பது, அடிமைத்தனத்திலிருந்து உரிமைக்குக் கடத்தல் என்னும் அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாஸ்கா இன்றும் யூத மக்களின் உயிருள்ள விழா. இயேசுவின் சாவுக்கு யூத இனத்தையே பழித்த நீண்ட வரலாறு கிறித்தவத்துக்கு உண்டு. அப்பழியை எல்லா யூதர்மீதும் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. விடுதலையின் கதையை ஒரு மக்களிடமிருந்து பெற்றுக்கொண்டு அவர்களையே வெறுப்பது பாஸ்காவுக்கு எதிரானது.

அடிமைகளின் கதையை அடிமைகளிடமிருந்தே மறைத்ததும் நடந்தது. 1807இல் இலண்டனில், பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கெனச் சுருக்கப்பட்ட விவிலியம் ஒன்று அச்சாயிற்று. எகிப்திலிருந்து இஸ்ரயேலர் வெளியேறிய வரலாறு அதில் நீக்கப்பட்டிருந்தது. பக்திக்கு இடமுண்டு, புறப்பாட்டுக்கு இடமில்லை என்பதே அதன் உட்பொருள். பாஸ்காவைத் தனிமனித ஆன்ம மீட்பாக மட்டும் சுருக்கும் எந்த மறையுரையும் அதே வேலையைத் தாள்களைக் கிழிக்காமல் செய்துவிடுகிறது.

தலித் இறையியல் இந்த மறைப்பை மறுத்தது. 1980களில் அதற்கு அடித்தளமிட்ட அரவிந்த் நிர்மல், இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் அறிக்கையிடும் நம்பிக்கையைத் தலித் மக்களின் வரலாற்றோடு இணைத்து வாசித்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்துண்ணும் 'ஒரு உலை' வாழ்வை நற்செய்தியின் மையமாக்கினார். பொதுவாகச் சமைத்து உண்பதைவிடச் சாதியை நேராகத் தாக்கும் செயல் வேறென்ன?

இங்கேதான் புளிப்பு பற்றிய விதி பொருள் பெறுகிறது. பாஸ்காவுக்கு முன் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் புளிப்பு மாவை அகற்றுவது யூத மரபு. பழைய புளிப்பைத் தூக்கியெறியுங்கள் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது இதை மனத்தில் கொண்டே. அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவரின் விருந்தில் நிகழ்ந்த பாகுபாட்டைக் கண்டிக்கிறார். சிலர் உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்படுத்தப்பட்டனர். அப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்கிறார்.

கொரிந்தில் செல்வம் செய்ததைத் தமிழகத்தில் சாதி செய்கிறது. தனிக் கல்லறைகளும், தலித் தெருவுக்குள் நுழையாத தேர்களும் அதன் அடையாளங்கள். கிறித்தவரிடையே சாதிப் பாகுபாடு கூடாது என்று இரண்டாம் ஜான் பால் 2003இல் தமிழக ஆயர்களிடம் வலியுறுத்தினார். இந்திய ஆயர் பேரவையும் 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஆனால் புளிப்பு இருப்பதை ஒப்புக்கொள்வது வேறு, அதை வீட்டிலிருந்து அகற்றுவது வேறு.

திருச்சபைக்கு வெளியேயும் ஒரு பூட்டு உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை மதத்தை அளவுகோலாக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. கிறித்தவ, இசுலாமியத் தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை. சாலையோரச் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய கடை, கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்ட சூசை என்பவரின் வழக்கை 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. தகுதியை மதத்திலிருந்து பிரிக்க ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்த பின்னும் ஆணை மாறவில்லை.

இவ்விரு போராட்டங்களும் பிரிக்க முடியாதவை. தன் கல்லறையில் சாதியைக் காக்கும் திருச்சபை, தலித் கிறித்தவரின் உரிமையை அரசிடம் கேட்கும்போது அதன் குரல் வலுவிழக்கிறது. ஆகவே தவக்காலத்தின் தயாரிப்பு நோன்போடும் சிலுவைப்பாதையோடும் முடிவதன்று. பெரிய வியாழனில் யாருடைய பாதம் கழுவப்படுகிறது, திருவிழாவில் யார் வீட்டு உலையில் உணவு சமைக்கப்படுகிறது, இறந்தவர் எங்கே புதைக்கப்படுகிறார் என்ற கேள்விகளை ஒவ்வொரு பங்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னரே எழுப்ப வேண்டும். புளிப்பை அகற்றிய பிறகே பாஸ்கா தொடங்குகிறது.