பயம் எடுத்த உயிர்களின் கணக்கு

2011 மார்ச் 11 அன்று வந்த நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்தில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். அதன் பிறகு ஊர்விட்டு ஊர் போன அலைச்சலிலும், முகாம் வாழ்க்கையிலும், மருத்துவம் தடைபட்டதிலும் இறந்தார்கள் என்று அதே மாவட்டத்தில் பதிவானவர்கள் 2,300-க்கும் மேல். அந்த சுனாமியால் நேர்ந்த அணு உலை விபத்தின் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரே ஒருவரை. அந்த உலையில் வேலை செய்து, நுரையீரல் புற்றுநோயில் இறந்த தொழிலாளி அவர். அந்த அறிவிப்பு வந்தது 2018-ல்.

அந்த 2,300 உயிரையும் பயத்தின் தலையில் கட்டிவிட முடியாது. சுனாமியில் வீடிழந்து முகாமுக்குப் போனவர்களும் அதில் உண்டு. ஆனால் பக்கத்து மாவட்டமான மியாகியைப் பாருங்கள். அங்கே சுனாமி கொண்டுபோனது 9,500-க்கும் மேற்பட்டவர்களை. முகாம்களும் நிரம்பி வழிந்தன. இருந்தும் பிற்பாடு வந்த சாவுகள் அங்கே ஆயிரத்தை எட்டவில்லை. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நேரடி இழப்பைச் சந்தித்த ஃபுகுஷிமாவில் பிற்பாடு வந்த சாவு இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் கதிர்வீச்சு பற்றிய பயமும், அந்தப் பயத்தில் பிறந்த உத்தரவுகளும்தான்.

உத்தரவுகள் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். 11-ஆம் தேதி இரவு, உலையைச் சுற்றி 3 கி.மீ. தூரத்தில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். மறுநாள் விடியற்காலை அது 10 கி.மீ. ஆனது. அன்று மாலையே 20 கி.மீ. முதல் உத்தரவு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. நடக்க முடிந்தவர்கள் கிடைத்த வண்டியில் ஏறிப் போனார்கள். ஒகுமா ஊரில், உலையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருந்தது ஃபுதாபா மருத்துவமனை. அதன் படுத்த படுக்கை நோயாளிகளும், அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தில் இருந்தவர்களும் 14-ஆம் தேதிதான் பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள், சுமார் 130 பேர். போக வேண்டிய இவாகி நகரம் நேர்வழியில் 60 கி.மீ.கூட இல்லை. அந்த வழி உலைப்பக்கம் போகிறது. அதனால் முதலில் வடக்கே போய்க் கதிர்வீச்சுச் சோதனை முடித்து, பிறகு மேற்கே சுற்றி, தெற்கே இறங்கினார்கள். ஏறத்தாழ 230 கி.மீ., பத்து மணி நேரத்துக்கும் மேல். உட்காரக்கூட முடியாதவர்களை உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். டிரிப்ஸ் இல்லை, மருந்தில்லை, உடன் போக மருத்துவர் இல்லை. இறங்கிய இடம் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடம். சிலர் பேருந்திலேயே இறந்திருந்தார்கள்.

20 கி.மீ. வட்டத்துக்குள் இருந்த ஏழு மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மார்ச் இறுதிக்குள் குறைந்தது 60 பேர் இப்படி இறந்ததாக, நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு கணக்கெடுத்தது. அவர்கள் ஓரிரு நாள் அதே கட்டடத்தில், அதே கட்டிலில், ஒரு செவிலியரோடு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வட்டத்துக்கு வெளியே நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. மினாமிசோமா நகரில் இருந்த ஐந்து முதியோர் இல்லங்கள் 20 கி.மீ.க்கு அப்பால் இருந்தவை. அங்கே வெளியேறும் உத்தரவு இல்லை. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் லாரிகள் அந்தப் பகுதிக்குள் வர மறுத்தன. உணவும் எரிபொருளும் மருந்தும் தீர்ந்தன, ஊழியர்களும் குறைந்தார்கள். வேறு வழியின்றி இல்லங்கள் காலியாயின. அங்கிருந்த 328 முதியவர்களில் 75 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். வழக்கமான விகிதத்தைப்போல அது 2.7 மடங்கு. அந்த ஐந்து இல்லங்களிலும் சாவு ஒரே அளவில் இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் கண்ட முக்கியமான செய்தி. அவசரமாகக் கிளப்பிய இடத்தில் அதிகம். போகும் இடத்தை ஏற்பாடு செய்து, நிதானமாகக் கூட்டிப் போன இடத்தில் குறைவு.

மக்கள் முட்டாள்தனமாகப் பயந்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது. காற்று கதிர்வீச்சை எந்தத் திசையில் கொண்டுபோகும் என்று கணிக்கும் ‘ஸ்பீடி’ என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அது தந்த கணிப்புகள் சரியான நேரத்தில் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நமியே ஊர்க்காரர்கள் பலர் பாதுகாப்பு என்று நம்பிப் போய்த் தங்கிய வடமேற்குப் பக்கம்தான் கதிர்வீச்சு அதிகம் படிந்த பக்கம். அதே திசையில் இருந்த இடாதே கிராமத்தின் 6,000 பேரை வெளியேறச் சொல்ல ஏப்ரல் 22 ஆனது. உண்மையை மறைத்த கணத்தில் அரசு தன் வார்த்தைக்கு இருந்த மதிப்பை இழந்தது. அதற்குப் பிறகு அது சொன்ன நல்ல செய்தியையும் யாரும் நம்பவில்லை.

ஐ.நா. அறிவியல் குழுவின் பிந்தைய மதிப்பீட்டின்படி, வெளியேற்றப்பட்டவர்களில் பெரியவர்கள் முதல் ஆண்டில் பெற்ற கதிர்வீச்சு ஊர்ச் சராசரியில் 6 மில்லிசீவர்ட்டைத் தாண்டவில்லை. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் சுமார் 10. வெளியேறியதால்தான் அளவு குறைந்தது என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளியில், நம் குமரி மாவட்ட மணவாளக்குறிச்சியில் இருப்பது போன்ற, இயல்பாகவே கதிர்வீசும் மோனசைட் மணல் மீது தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதாகத் தெரியவில்லை. கதிர்வீச்சே தீங்கற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு பார்த்துப் பயப்பட வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அளவு தெரியாத பயம் எல்லை தாண்டியும் போனது. அதே மார்ச் மாதம் சீனக் கடைகளில் அயோடின் உப்பு ஒரே நாளில் தீர்ந்தது. தைராய்டைக் காக்கும் மாத்திரையில் இருப்பது 100 மில்லிகிராம் அயோடின். கிலோவுக்கு 35 மில்லிகிராம் இருக்கும் உப்பில் அதைப் பெற, ஒருவர் ஒரே மூச்சில் 3 கிலோ உப்புத் தின்ன வேண்டும். இதைவிட மனம் நோகும் கணக்கு 1986-ஆம் ஆண்டினுடையது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு, வெகு தொலைவில் இருந்த கிரேக்கத்தில், பெற்றுக்கொள்ள விரும்பிய கருக்களில் சுமார் 2,500 கலைக்கப்பட்டதாக மருத்துவ ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

பயத்தைத் தணித்த கணக்கும் ஒன்று உண்டு. ஃபுகுஷிமா விவசாயிகள் 2012 முதல் தங்கள் அரிசி மூட்டை ஒவ்வொன்றின் கதிர்வீச்சையும் அளவிட்டார்கள். 30 கிலோ மூட்டை கருவிக்கு அடியில் நகர்ந்து போகும், தேறியதும் மேலே சீட்டு ஒட்டப்படும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டை. கிலோவுக்கு 100 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டியவை 2012-ல் 71, 2013-ல் 28, 2014-ல் 2. 2015-ல் ஒன்றும் இல்லை. அந்த அரிசியின் மீது நம்பிக்கை மெல்லத் திரும்பியது என்றால், அது இந்த எண்களால்தான்.

பயத்தின் விலை மின்சாரத்திலும் தெரிந்தது. ஜப்பானின் 54 உலைகளும் 2012 மே மாதத்துக்குள் ஒவ்வொன்றாக நின்றன. மின்கட்டணம் ஏறியது. அதனால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முடியாமல் 2011–2014-க்குள் குறைந்தது 1,280 பேர் இறந்திருக்கலாம் என்று பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். இது புள்ளிவிவர ஊகம்தான், பெயர் சொல்லி எண்ணிய கணக்கு அல்ல.

நம் ஊரிலும் இந்தப் பயம் உண்டு. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-ல் இடிந்தகரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், 2004 சுனாமியைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பாய்ந்தன, தேசத்துரோகப் பிரிவு உட்பட. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு வழக்கு பதிலாகாது. கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அவசரகாலத் திட்டம் உலையைச் சுற்றி 16 கி.மீ. தூரத்துக்கு வகுக்கப்படுகிறது. அந்த வட்டத்துக்குள் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எத்தனை பேர், யாரை எந்த வண்டி எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகும், யாரை இருந்த இடத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்ற விவரத்தை மாவட்ட நிர்வாகம் தமிழில் எழுதி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.