யாவர்க்கும் உரிய நந்தவனம்

சைவம் கூறும் நால்வகை நெறிகளுள் முதலாவதாகிய சரியையில், நந்தவனம் அமைத்தலும் மலர் பறித்துத் தொடுத்தலும் திருத்தொண்டுகளாகும். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் பலரை உறுப்பிழக்கச் செய்த இம்மண்ணில், அத்தொண்டு அவர்க்கும் முதியோர்க்கும் எட்டாதிருத்தல் முறையாகாது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரையோர நிலம் பெரிதும் மணற்பாங்கானது. மணலிற் சக்கர நாற்காலி புதையும், ஊன்றுகோல் அமிழும். ஆதலின், முதற்கண் வேண்டுவது 4 அடி அகலமுள்ள உறுதியான பாதையாகும். படிகளுக்கு மாற்றாக அமையும் சாய்தளம் 1 அடி உயர்வதற்கு 12 அடியேனும் நீளுதல் வேண்டும். பாத்திகளை ஏறத்தாழ 2 அடி உயரத்திற் கட்டி, இருமருங்கிலிருந்தும் கை எட்டுமாறு அமைப்பின், அமர்ந்தவாறே களை பறிக்கலாம். துளசியும் மருக்கொழுந்தும் மல்லிகையும் தத்தம் மணத்தாற் பார்வையற்றோர்க்குப் பாத்தியை உணர்த்தும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மண் விரைந்து உலருமாதலின், நீர்க்குழாயும் நிழலும் அண்மையில் இருத்தல் இன்றியமையாதது.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டடங்களை மட்டுமன்றி, ஏனைய இடங்களையும் பயன்படுத்தும் உரிமையை இவர்க்கு அளித்துள்ளது. அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாது நிலத்திலும் விளங்குதல் வேண்டும். ஒருவர்க்கு இரங்கிப் பூக் கொடுத்தலினும், அவரே அதனை வளர்த்தற்கு வழி சமைத்தல் மேலான அறமாகும்.